சென்னையில் காம்ப்ளெக்ஸ் ஒன் ரீஏஜென்ட் வாங்குவது எப்படி? புதிதாக லேபுக்கு வந்தவர்களுக்கு

காம்ப்ளெக்ஸ் ஒன் என்பது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருக்கும் பெரிய என்சைம். என்ஏடிஎச் என்ற மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி யூபிக்வினோன் என்ற இன்னொரு மூலக்கூறுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் வேகத்தை அளக்க ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரும் ஏழெட்டு ரசாயனங்களும் போதும். புரோட்டோகாலைப் படித்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை போலத் தெரியும். அந்த ஏழெட்டு பாட்டில்களும் உருப்படியாக நம் ஃப்ரீசருக்குள் வந்து சேர்வதுதான் பெரும்பாடு. கிண்டி, தரமணி, போரூர், காட்டாங்குளத்தூர் என்று எந்தப் பக்கம் லேப் இருந்தாலும் புதிதாகச் சேருகிறவர்கள் மாட்டும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் அலைந்து தெரிந்துகொண்டதை, வாங்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். காம்ப்ளெக்ஸ் ஒன் தவிர வேறு மைட்டோகாண்ட்ரியா என்சைம் பார்க்கிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. இண்டென்ட் (கொள்முதல் கோரிக்கைத் தாள்) எழுதுவதற்கு முன் ஒரு ரியாக்ஷனுக்கு எவ்வளவு போகும் என்று கணக்குப் போடுங்கள்

இதைச் செய்யாமல் யாரும் கொட்டேஷன் கேட்கக் கூடாது என்பது என் கட்சி. பழைய இண்டென்டைப் பார்த்து அப்படியே காப்பி அடிப்பதால்தான், கால் மில்லிகிராம் தேவைப்படும் இடத்தில் 100 கிராம் பாட்டில் வந்து உட்காருகிறது.

பரவலாகப் பயன்படும் ஒரு மில்லிலிட்டர் ரியாக்ஷனை எடுத்துக்கொள்வோம். 50 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.5. கொழுப்பமிலம் நீக்கிய பிஎஸ்ஏ, அதாவது மாட்டு ரத்தத்தின் அல்புமின் புரதம், 3 மில்லிகிராம். என்ஏடிஎச் 100 மைக்ரோமோலார். யூபிக்வினோன்-1, அதாவது கோஎன்சைம் க்யூ1, 60 மைக்ரோமோலார். பொட்டாசியம் சயனைடு 300 மைக்ரோமோலார். தனிக் குவெட்டில் (கரைசலை ஊற்றி அளக்கும் சின்னக் குப்பி) காம்ப்ளெக்ஸ் ஒன்னை அடைக்கும் ரோட்டினோன் 10 மைக்ரோமோலார்.

உங்களிடம் 40 சாம்பிள் இருக்கிறது, ஒவ்வொன்றும் மூன்று முறை, ரோட்டினோனோடும் இல்லாமலும் என்றால் 240 ரியாக்ஷன். ஆரம்பத்தில் கை பழக, ஓட்டிப் பார்க்க, வீணாக்க என்று சேர்த்து 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கணக்கு இப்படி வரும்:

என்ஏடிஎச் ஒரு ரியாக்ஷனுக்கு 0.07 மில்லிகிராம். 400-க்கு 28 மில்லிகிராம். தினமும் புதிதாகக் கரைத்து மிச்சத்தைக் கொட்டவேண்டும் என்பதால் 100 மில்லிகிராம் வாங்கலாம்.

கோஎன்சைம் க்யூ1 ஒரு ரியாக்ஷனுக்கு 15 மைக்ரோகிராம். 400-க்கு 6 மில்லிகிராம். 10 மில்லிகிராம் போதும்.

பிஎஸ்ஏ 1.2 கிராம். 5 கிராம் தாராளம்.

பொட்டாசியம் சயனைடு மொத்தமே 8 மில்லிகிராம். ரோட்டினோன் ஒரு மில்லிகிராம்கூட வேண்டாம்.

இந்தக் கணக்கிலேயே செலவும் தெரிந்துவிடும். எல்லாரும் என்ஏடிஎச் விலையைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். உண்மையில் பர்ஸைக் கடிப்பது கோஎன்சைம் க்யூ1. அதற்கு அடுத்தது கொழுப்பமிலம் நீக்கிய பிஎஸ்ஏ. பிளேட் ரீடர் இருந்தால் 200 மைக்ரோலிட்டரில் செய்யலாம், எல்லாம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் பிளேட்டின் குழியில் ஒளி கடக்கும் தூரம் ஒரு சென்டிமீட்டர் இருக்காது, அந்தத் திருத்தத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

ரெடிமேட் கிட் வாங்கலாமா என்று கேட்பீர்கள். சாம்பிள் குறைவு, காசு இருக்கிறது, அவசரம் என்றால் வாங்கலாம். ஆராய்ச்சி மாணவருக்கு நான் சொல்ல மாட்டேன். இறக்குமதியாகி வரும்போதே அதன் ஆயுளில் கொஞ்சம் போயிருக்கும். ஒரு பாட்டில் கெட்டால் மொத்தப் பெட்டியும் வீண். எந்தப் பாட்டில் கெட்டது என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்காது.

2. பெயரை நம்பாதீர்கள், சிஏஎஸ் எண்ணை எழுதுங்கள்

டீலரிடம் வாயால் சொன்னாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பெயர் மாறிப்போகும். சிஏஎஸ் எண் என்பது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள தனி அடையாள எண். என்ஏடிஎச் டைசோடியம் உப்பின் எண் 606-68-8. ஆக்சிஜனேற்றம் அடைந்த என்ஏடி என்பது 53-84-9. இரண்டும் வெவ்வேறு பொருள். இரண்டாவது வந்தால் உங்கள் ரியாக்ஷன் நகரவே நகராது. என்ஏடிபிஎச் இன்னொரு வில்லங்கம், ஒரு எழுத்துதான் வித்தியாசம். ரோட்டினோன் 83-79-4. இண்டென்டில் பெயர், சிஏஎஸ் எண், கேட்டலாக் எண், பேக் அளவு, சேமிப்பு வெப்பநிலை என்று ஐந்து கட்டமும் இருக்கட்டும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. கோஎன்சைம் க்யூ1 விலையைப் பார்த்து மலைத்தவர்களிடம், "க்யூ10 மலிவாகக் கிடைக்குதே, அதுவும் யூபிக்வினோன்தானே" என்று யாராவது சொல்வார்கள். மருந்துக் கடையில் மாத்திரையாக விற்பதும் அதேதான். வாங்காதீர்கள். க்யூ10-இன் வால் மிக நீளம், நீர்ப் பஃபரில் கரையாது, குவெட்டில் கலங்கலாக நிற்கும். வால் குட்டையான க்யூ1 அல்லது டெசில்யூபிக்வினோன்தான் இந்த வேலைக்கு ஆகும். டெசில்யூபிக்வினோன் வாங்கினால் புரோட்டோகாலையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பிஎஸ்ஏ விஷயத்தில் "கொழுப்பமிலம் நீக்கியது" என்று எழுதாவிட்டால் சாதாரண ஃபிராக்ஷன் ஃபைவ் வந்துவிடும். புரத அளவீட்டுக்கு அது போதும், இதற்குப் போதாது.

எதில் எந்த பிராண்ட்? சுக்ரோஸ், டிரிஸ், ஈஜிடிஏ, பாஸ்பேட் உப்புகளுக்கு எஸ்ஆர்எல், ஹைமீடியா போன்ற இந்திய பிராண்டுகள் தாராளமாகப் போதும். என்ஏடிஎச்சும் இந்திய பிராண்டில் கிடைக்கிறது. கீழே சொல்லும் சோதனையில் தேறினால் வைத்துக்கொள்ளுங்கள். க்யூ1, ரோட்டினோன், கொழுப்பமிலம் நீக்கிய பிஎஸ்ஏ மூன்றுக்கும் சிக்மா போன்ற வெளிநாட்டு பிராண்டைப் போட்டுவிடுவேன். ஆய்வுக் கட்டுரையில் ஒப்பிடும்போது கேள்வி குறையும். சாதாரண உப்பு, கண்ணாடிச் சாமான் எல்லாம் பாரிமுனைப் பக்கம் கடைகளில் அன்றே கிடைக்கும். குளிரில் வைக்க வேண்டிய எதையும் கடையில் கையோடு வாங்கி பஸ்ஸில் எடுத்து வராதீர்கள்.

3. சயனைடு, எத்தனால்: இரண்டுக்கும் வேறு வழி பாருங்கள்

எட்டு மில்லிகிராம் பொட்டாசியம் சயனைடுக்காகப் புது பாட்டில் வாங்குவது தேவையில்லாத தலைவலி. விற்பவர் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் கடிதம் கேட்பார். என்ன வேலைக்கு, யார் பொறுப்பு, எங்கே பூட்டி வைப்பீர்கள் என்று எழுதி ஹெச்ஓடி கையெழுத்தும் சீலும் வைக்க வேண்டும். வந்த பிறகு தனிப் பூட்டு, தனிப் பதிவேடு. முதலில் உங்கள் வளாகத்திலேயே விசாரியுங்கள். பெரும்பாலும் பயோகெமிஸ்ட்ரி, கெமிஸ்ட்ரி இரண்டில் ஒரு துறையின் அலமாரியில் பூட்டிய பாட்டில் இருக்கும். பதிவேட்டில் எழுதி, பொறுப்பாளர் முன்னிலையில் எடை போட்டுக்கொள்ளலாம். சயனைடு இங்கே மைட்டோகாண்ட்ரியாவின் இன்னொரு என்சைமான காம்ப்ளெக்ஸ் ஃபோரை அடைக்கத்தான் போடுகிறோம். அதற்குச் சோடியம் அசைடு போடும் புரோட்டோகால்களும் உண்டு. அசைடும் விஷம்தான். அதை சிங்க்கில் கொட்டினால் ஈய, செம்புக் குழாய்களில் வெடிக்கும் உப்பாகப் படியும். சயனைடு கரைசலை அமிலத்தின் பக்கத்தில்கூடக் கொண்டுபோகக் கூடாது. பிஎச் 7.5 பஃபரிலேயே அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன் சயனைடாகத்தான் இருக்கும், அதனால் ஃப்யூம் ஹூடுக்குள்தான் வேலை. கழிவை நல்ல காரத்தில் தனிப் பாட்டிலில் சேர்த்து, நிறுவனத்தின் அபாயக் கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

ரோட்டினோனைக் கரைக்க எத்தனால் என்று புரோட்டோகால் சொல்லும். அப்சொல்யூட் எத்தனால் தமிழ்நாட்டில் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அனுமதிக்குள் வருகிற பொருள். தனி ஆளாக அந்த வழியில் இறங்க வேண்டாம். துறையின் அனுமதியில் வாங்கி வைத்திருப்பதிலிருந்து சில மில்லிலிட்டர் கேளுங்கள், இல்லையென்றால் டிஎம்எஸ்ஓவில் கரையுங்கள். எதில் கரைத்தாலும் ரோட்டினோன் போடாத குவெட்டிலும் அதே அளவு கரைப்பான் போகட்டும். ரோட்டினோன் தூள் மூக்குக்குள் போகாமல் மாஸ்க், கையுறையோடு எடை போடுங்கள். எலிகளில் பார்க்கின்சன் நோய் போன்ற நிலையை உண்டாக்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

4. காகிதங்கள்

ஒரு ஃபைல் போட்டு இவற்றை முதல் நாளே சேருங்கள்: ப்ராஜெக்ட் சாங்ஷன் கடிதத்தின் நகல், கன்ஸ்யூமபிள்ஸ் தலைப்பில் மிச்சம் எவ்வளவு என்று அக்கவுண்ட்ஸ் எழுதித் தந்த தாள், இண்டென்ட், மூன்று கொட்டேஷன், அவற்றை ஒப்பிடும் கம்பேரிட்டிவ் ஸ்டேட்மென்ட். ஒரே கம்பெனிதான் தயாரிக்கிறது என்றால் ப்ரொப்ரைட்டரி சான்றிதழ், அதோடு அந்த டீலர்தான் அங்கீகரிக்கப்பட்டவர் என்ற கடிதம். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண், டிஎஸ்ஐஆர் (மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) பதிவு இருந்தால் அதன் நகல்.

கொட்டேஷன் இல்லாமல் எவ்வளவு வரை வாங்கலாம் என்பது யார் பணம் என்பதைப் பொறுத்தது. மத்திய அறிவியல் துறைகளின் கீழ் வரும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இந்த வரம்பை 2025 ஜூனில் 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தினார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் தனியார் கல்லூரிக்கும் அவரவர் விதி. பக்கத்து லேப் சீனியர் சொல்வதைக் கேட்டுவிட்டு நடக்காமல், பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் நேரில் போய்க் கேளுங்கள். காலை பதினொன்றரைக்கு முன் போனால் நிதானமாகப் பதில் சொல்வார்.

மூன்று கொட்டேஷனும் ஒரே பேக் அளவுக்கு இருக்க வேண்டும். ஒருவர் 100 மில்லிகிராமுக்கும் இன்னொருவர் 250 மில்லிகிராமுக்கும் கொடுத்தால் ஆடிட்டில் ஃபைல் திரும்பி வரும். கொட்டேஷனில் செல்லுபடியாகும் தேதியையும் பாருங்கள். உங்கள் ஃபைல் கையெழுத்துக்காக மேசை மேசையாக ஊர்ந்து முடிக்கும்போது அந்தத் தேதி தாண்டியிருந்தால், மறுபடி முதலிலிருந்து.

5. விலையைக் கூட்டும்போது

கேட்டலாக்கில் 10,000 ரூபாய் என்று இருந்தால் உங்கள் கையை விட்டுப் போவது அது மட்டும் இல்லை. பெரும்பாலான ரசாயனங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அது 1,800. அப்புறம் ஐஸ் பேக், டிரை ஐஸ், அனுப்பும் கூலி. அவற்றின் மேலும் வரி. டிரை ஐஸ் கட்டணத்தைப் பொதுவாகப் பெட்டிக்கு இவ்வளவு என்று போடுவார்கள். அதனால் மைனஸ் 20-இல் வைக்க வேண்டிய எல்லாவற்றையும் ஒரே ஆர்டரில் கேளுங்கள். பக்கத்து லேபையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்று ஒரு சலுகை இருந்தது. பழைய பில்களில் அதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் அதே கணக்கில் பட்ஜெட் போடுகிறார்கள். 2022 ஜூலை 18 முதல் அது கிடையாது. பழைய சான்றிதழ் ஃபார்மை நிரப்பிக்கொண்டு கையெழுத்துக்கு அலையாதீர்கள்.

தள்ளுபடி கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். சேல்ஸ் ரெப்பிடம் கேட்டால் கேட்டலாக் விலையில் கொஞ்சமாவது குறையும். தள்ளுபடி வாய்ச்சொல்லாக இருக்கக் கூடாது, கொட்டேஷனில் ஏறியிருக்க வேண்டும்.

6. எந்த மாதம், எந்தக் கிழமை

இந்தியாவில் ஸ்டாக் இருக்கும் பொருளுக்கு இரண்டு வாரம், இறக்குமதிக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பர்ச்சேஸ் ஆர்டர் வெளியே போகும் வரையிலான உள்வேலை நாட்கள் இதில் சேராது. "ஸ்டாக் இருக்கு சார்" என்று ஃபோனில் சொன்னால், எந்த ஊர் கிடங்கில் என்று கேட்டு மெயிலில் வாங்குங்கள். நேரடியாக வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் யோசனை வேண்டாம். மீனம்பாக்கம் கார்கோவில் ஒரு காகிதம் குறைந்தால் பெட்டி அங்கேயே நிற்கும், டிரை ஐஸ் காத்திருக்காது.

மார்ச் மாதத்தை மறந்துவிடுங்கள். நிதியாண்டு முடிவில் எல்லா லேபும் ஒரே நேரத்தில் ஆர்டர் போடும், பில் மார்ச் 31-க்குள் முடிய வேண்டும் என்று அக்கவுண்ட்ஸ் நெருக்கும். குளிர்ப் பொருளுக்கு அக்னி நட்சத்திர வெயிலும் ஆகாது. மே மாதத்தில் வந்தே தீர வேண்டும் என்றால் ஐஸ் பேக் போதாது, டிரை ஐஸ்தான் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஜூலை, ஆகஸ்ட் நல்ல சமயம். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் வாரங்களில் பெட்டி கூரியர் கிடங்கில் தூங்கும்.

கிழமை அதைவிட முக்கியம். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வளாகத்துக்கு வரும் பெட்டி செக்யூரிட்டி அறையில் கையெழுத்தாகி, திங்கட்கிழமை காலை தபால் பிரிவு வழியாக உங்களிடம் வரும்போது வெந்நீர்ப் பையாக இருக்கும். முகவரியில் துறையின் பெயரோடு உங்கள் மொபைல் எண்ணையும் போடச் சொல்லுங்கள். வாசல் செக்யூரிட்டி அண்ணாவிடம், "குளிர்ப் பெட்டி வந்தா உடனே ஒரு ஃபோன் அடிங்கண்ணே" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்த ஒரு வரி காப்பாற்றிய பணம் கொஞ்சநஞ்சமில்லை.

7. பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டியது

கூரியர்காரர் இருக்கும்போதே பெட்டியைத் திறந்து பாருங்கள். டிரை ஐஸ் மிச்சம் இருக்கிறதா, ஐஸ் பேக் கெட்டியாக இருக்கிறதா? இல்லையென்றால் தேதி, நேரத்தோடு படம் எடுத்து அன்றே டீலருக்கு மெயில் போடுங்கள், பொருளைப் பெற்றதாக எழுதும் இடத்திலும் அதைக் குறியுங்கள். புகார் சொல்ல எத்தனை நாள் என்பது பெரும்பாலும் இன்வாய்ஸின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அந்தப் பேட்சின் பகுப்பாய்வுச் சான்றிதழை இறக்கி ஃபைலில் வையுங்கள்.

என்ஏடிஎச்சை உடனே சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஆனால் ஃப்ரீசரில் இருந்து எடுத்த பாட்டிலை அப்படியே திறக்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த தூளின் மேல் நீராகப் படியும். ஈரம் பட்ட என்ஏடிஎச் சிதைவது மட்டுமில்லை, சிதைவில் வரும் பொருட்கள் என்சைமையே தடுக்கும். டெசிகேட்டரில் வைத்து அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறந்து, 7.1 மில்லிகிராமை ஒரு மில்லிலிட்டர் டிரிஸ் பஃபரில், பிஎச் 8-இல் கரையுங்கள். பாஸ்பேட்டில் ஸ்டாக் போடாதீர்கள், அதில் சீக்கிரம் சிதையும். அதில் 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் பஃபரில் விட்டு 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். என்ஏடிஎச்சின் மில்லிமோலார் ஒளி உறிஞ்சல் கெழு 6.22, குவெட்டில் இருப்பது 0.1 மில்லிமோலார், ஆகவே 0.62 வர வேண்டும். தூளில் இருக்கும் நீரின் எடையால் கொஞ்சம் குறையலாம். 0.4 என்று வந்தால் பைபெட்டைச் சரிபார்த்து மறுபடி ஒரு முறை போடுங்கள், அப்படியும் அதே என்றால் புகார் எழுதுங்கள். குவார்ட்ஸ் குவெட் இருந்தால் 260-இலும் படித்து 340-ஆல் வகுங்கள். நல்ல என்ஏடிஎச் 2.3-ஐ ஒட்டி நிற்கும், அதைவிட ஏறினால் சிதைவு.

ரோட்டினோனும் க்யூ1-உம் சரிதானா என்று பார்க்க நிஜ மைட்டோகாண்ட்ரியா வேண்டும். அதற்கு உங்கள் அருமையான சாம்பிளைச் செலவழிக்க வேண்டாம். பெரம்பூர் ஆட்டுத்தொட்டியிலோ காலையில் அறுக்கும் கறிக்கடையிலோ ஒரு ஆட்டு இதயம் வாங்கி, ஐஸ் டப்பாவில் போட்டுக் கொண்டு வாருங்கள். கடைக்கு வந்து வெகுநேரம் ஆனது வேண்டாம், அறுத்தவுடன் ஐஸில் போட்டது வேண்டும். எலி என்றால் விலங்கு நெறிக்குழு அனுமதி இல்லாமல் கை வைக்கவே கூடாது. கறிக்கடை உறுப்புக்கு உங்கள் நிறுவனம் என்ன எதிர்பார்க்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 250 மில்லிமோலார் சுக்ரோஸ் பஃபரில் அரைத்து, 4 டிகிரியில் சென்ட்ரிஃபியூஜில் 600 ஜி விசையில் சுழற்றி, பிறகு மேலே நிற்பதை எடுத்து 10,000 ஜி விசையில் சுழற்றுங்கள். கிடைக்கும் படிவை இரண்டு மூன்று முறை உறையவைத்து உருக்குங்கள். என்ஏடிஎச் உட்சவ்வைத் தாண்டாது, சவ்வு உடைந்தால்தான் என்சைமுக்குப் போய்ச் சேரும். ரோட்டினோன் போட்ட குவெட்டில் வேகம் நன்றாக விழ வேண்டும். விழவே இல்லை என்றால் ரோட்டினோன் பழசு, இல்லையென்றால் மைட்டோகாண்ட்ரியா சரியில்லை. புதிதாகக் கரைத்த ரோட்டினோனோடு ஒரு முறை ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும். ரோட்டினோன் கரைசல் வெளிச்சத்தில் கெடும், ஃபாயில் சுற்றி வையுங்கள்.

8. வைப்பது, பில் முடிப்பது

என்ஏடிஎச், க்யூ1 இரண்டையும் தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அது அடிக்கடி சூடேறி இறங்கும். க்யூ1-ஐ முதல் முறை கரைத்தவுடனே சின்னச் சின்ன வயல்களாகப் பிரித்துவிடுங்கள். ஃப்ரீசர் ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள், பிளக் பாயிண்டின் நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. லேப் தரைத்தளத்தில் இருந்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் விலை உயர்ந்த வயல்களை மாடியில் இருக்கும் நண்பரின் ஃப்ரீசருக்கு மாற்றிவிடுங்கள்.

பில் விஷயம் சுருக்கம்தான். இன்வாய்ஸ் நிறுவனத்தின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு இருக்க வேண்டும், உங்கள் பெயரில் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். 7-ஆவது படியின் சோதனை முடிந்த பிறகே ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றி, பக்க எண்ணை பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஸ்டாக் என்ட்ரி ஆனபின் பொருள் சரியில்லை என்று சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட் (ப்ராஜெக்ட் பணத்தைச் செலவழித்த சான்றிதழ்) எழுதும் நேரத்தில் இதே பில்களைத்தான் மறுபடி கேட்பார்கள். தெர்மல் தாளில் அச்சான ரசீது எதுவும் இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், ஆறு மாதத்தில் எழுத்து மறைந்துவிடும்.